சிவப்பு வாங்குக்கு ஒரு பெட்டிசம்

லாட் தொரையின் பேரை வெட்டிவிட்டார்கள் என்று எனக்குச் சொன்னது ரிசானா. நான் வேலை பார்த்த பங்களா இப்போது ஹோட்டல். அதன் வரவேற்பு மேசையில் இருக்கும் பிள்ளை அவள். ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு ஒரு தடவையாவது அங்கே போய் ஒரு பிளேன்டீ குடிக்காவிட்டால் எனக்குக் கால் உளையும். போன வாரம் போனபோது போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அன்ட்டி, இவரு தானே ஒங்க லார்ட்? லண்டன் பார்லிமெண்ட்ல இருந்து அனுப்பிட்டாங்களாம். பொறப்பால வந்தவங்க யாருமே இனி அங்க இருக்க ஏலாதாம்."

படத்தில் எண்பத்தாறு வயது. ஆனாலும் அதே மூக்கு, அதே கழுத்துப் பட்டி. பக்கத்தில் அவரைப் போலவே இருக்கும் நாலைந்து கிழவர்கள். எல்லோரும் இழவு வீட்டில் சாப்பாடு பிந்திப்போன முகத்தோடு நின்றார்கள்.

"லார்ட்னா என்ன வேல அன்ட்டி செய்வாங்க?"

முப்பது வருஷத்துக்கு மேல் அவருக்கு டைப் அடித்தவள் நான். அவர் வாயிலிருந்து வந்த கமா, புள்ளி எல்லாம் என் விரல் வழியாகத்தான் லண்டனுக்குப் போயின. அப்படியும் அந்தக் கேள்விக்கு டீ ஆறும்வரை யோசித்து எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கதை சின்னது. மாத்தளை டவுனுக்கு வடக்கே, அலுவிகாரையைத் தாண்டி நாலந்தா போகிற ரோட்டில், வலப்பக்கம் மேலே ஏறும் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால் நாங்கள் வேலை செய்தது. ரப்பர், கொக்கோ, மிளகு. அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது பெரும்பகுதி போய்விட்டது. பங்களாவும் அதைச் சுற்றிய துண்டு நிலமும் தொழிலாளர் குடியிருந்த ஒரு லயமும் மட்டும் ஒரு கம்பெனி பேரில் மிஞ்சின. அந்தக் கம்பெனியில் லாட் தொரை பெரிய பங்காளி. அம்மா செல்லாயி பால்வெட்டுக்காரி. விடியுமுன் கத்தியோடு ரப்பர் மலைக்கு ஏறுவாள். அப்பா நான் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஓ.எல். பாஸ் பண்ணி, மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் ஒரு வருஷம் டைப்பிங் படித்தேன். பங்களாவுக்கு இங்கிலீஷ் டைப்பிஸ்ட் தேவை என்றார்கள், போனேன். அவ்வளவுதான் என் கல்வி.

அவருடைய முழுப் பேர் லார்ட் ஆல்டர்மியர். தகப்பன் இறந்ததும் பட்டமும், பிரபுக்கள் சபையில் உட்காரும் உரிமையும் தானாக அவரிடம் வந்தன. ஓட்டு கேட்கவில்லை, பரீட்சை எழுதவில்லை. அங்கே தனித்தனி நாற்காலிகூடக் கிடையாது. சிவப்புத் தோல் போட்ட நீள வாங்குகள்தான் என்று படத்தில் பார்த்தேன். நம் ஸ்டேஷனில் போட்டிருக்கிற வாங்குக்கு மெத்தை வைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு அவரிடம் இருந்த பயத்தில் பாதி போயிற்று.

வருஷா வருஷம் லண்டனில் குளிர் அடிக்கத் தொடங்கியதும் வருவார். சரியாக ஒன்பதரைக்கு விறாந்தையில் டிக்டேஷன். நான் ஒரு ஓரத்தில் மேசை போட்டு உட்காருவேன். அவர் விறாந்தையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடப்பார், பதினொரு எட்டு வைத்து. திரும்பினால் கமா. கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தால் முற்றுப்புள்ளி. தொண்டையைச் செருமினால் புதுப் பத்தி. ஒரு நாள் காலில் அட்டை கடித்து ஒரே இடத்தில் நின்று சொன்னார். அன்றைய பேச்சில் ஒரு கமாகூட இல்லை.

முடிந்ததும், "மிஸ் பாக்கியம், வாசியுங்கள்" என்பார். வாசிப்பேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "யார் எழுதிய குப்பை இது?" என்பார்.

"தாங்கள்தான், மை லார்ட்."

"அப்படியானால் இருக்கட்டும்."

மூன்று பிரதி அடிக்க வேண்டும். ஒன்று லண்டனுக்கு, ஒன்று ஃபைலுக்கு, ஒன்று வருங்காலத்துக்கு. வருங்காலத்துப் பிரதிகளை ஒரு தகரப் பெட்டியில் வைத்தோம். கறையான் வந்து நிகழ்காலத்திலேயே வாசித்து முடித்துவிட்டது.

பேச்சுகள் எதைப் பற்றி? நாய் லைசன்ஸ், ஆற்று மீன், தேவாலய மணி. கறுவாப் பட்டையைப் பற்றி ஒரு தடவை பேசினார். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது, அதுவும் பிழை. கறுவா மரத்தில் காய்க்கும் என்று சொல்லியிருந்தார். திருத்தலாமா என்று கேட்டேன். அங்கே யாருக்கும் தெரியாது, விடுங்கள் என்றார்.

அரசியலில் அவர் ஏறிய உச்சி துணைக் கொறடா பதவி. ஓட்டெடுப்பு நேரத்தில் ஆம் என்பவர்கள் ஒரு வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு வழியாகவும் நடந்து போக வேண்டுமாம். தன் கட்சிக்காரர்களைச் சரியான வழியில் ஓட்டிவிடுவது கொறடாவின் வேலை. இவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்து, மணிச் சத்தத்தில் திடுக்கிட்டு எழுந்து, எதிர்வழியில் நடந்திருக்கிறார். கொறடா போகிறாரே என்று பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர். அரசாங்கம் அன்றைக்கு அந்த ஓட்டெடுப்பில் தோற்றது. ராஜினாமாக் கடிதத்தை எங்கள் விறாந்தையில் வைத்துத்தான் சொன்னார். எட்டு மாதப் பதவிக்கு எட்டு வரிக் கடிதம்.

இப்படி ஒரு மனிதரைப் பற்றி நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். காரணம் அந்த ஒரு மழைக்காலம்.

அந்த வருஷம் லண்டனில் புதுச் சட்டம் வந்தது. பிறப்பால் வந்த பிரபுக்களில் பெரும்பாலானோர் வெளியே போக வேண்டும். தொண்ணூற்றிரண்டு பேர் மட்டும் தங்கலாம். யார் தங்குவது என்பதை அவர்களே தங்களுக்குள் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். நிற்கிறவர் தன்னை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம். எழுபத்தைந்து சொல். ஒன்று கூடக் கூடாது. லாட் தொரை கோபித்துக்கொண்டு, குளிர் வரும் முன்பே, எங்கள் மழைக்கு நடுவில் வந்து இறங்கிவிட்டார்.

அதே மாதம் லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவுக்கும் ஒரு கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கை நடுக்கம். பட்டை ஆழமாக வெட்டிவிடுகிறாள், மரம் கெடுகிறது என்று அவள் பேரைச் செக்ரோல் என்ற வேலையாள் பேரேட்டிலிருந்து வெட்டினார்கள். தோட்டத்துச் சட்டம் எல்லோருக்கும் தெரிந்தது. குடும்பத்தில் ஒருவர் பேராவது செக்ரோலில் இருந்தால்தான் லயத்தில் காம்பரா. தாய் விட்டால் மகள், தகப்பன் விட்டால் மகன் என்று பேர் பதிந்துகொண்டே வர வேண்டும். நான் பங்களாவுக்கு வேலை செய்தேன். என் பேர் லண்டன் சம்பளப் புத்தகத்தில் இருந்தது, தோட்டத்துச் செக்ரோலில் இல்லை. ஆகவே மூன்று மாதத்தில் காம்பராவைக் காலி செய்ய வேண்டும் என்று கம்பெனிக்குப் புதிதாக வந்த மனேஜர் தொரை கையெழுத்துப் போட்டிருந்தார். அம்மா பிறந்தது அந்தக் காம்பராவில். என்னைப் பெற்றதும் அதில்தான். டவுனில் வாடகைக்கு ஒரு அறை பார்க்கலாம் என்று சொன்னேன். அவள் அடுப்பை விட்டு நகரவில்லை.

"நான் எங்கயும் வர மாட்டேன். பெட்டிசம் எழுது" என்றாள்.

விறாந்தையில் லாட் தொரை மூன்று நாள் நடந்தார். முதல் நாள் நானூற்றுச் சொச்சம் சொல். நான்தான் பென்சிலால் குத்திக் குத்தி எண்ணினேன். பட்டம் வாங்கிய முப்பாட்டன் அரசனுக்குக் குதிரை கொடுத்த கதையே நூறு சொல். இரண்டாம் நாள் குதிரையை வெட்டினோம், முப்பாட்டன் மிஞ்சினார். மூன்றாம் நாள் முப்பாட்டனும் போனார். அப்போதும் நூற்றுப் பதினெட்டு. நாலந்தாவின் பழைய கற்கோயிலான கெடிகேயைப் பார்க்க விருந்தாளிகளோடு போக வேண்டும், வாசலில் கார் நின்றது.

"மிஸ் பாக்கியம், நான் சொல்ல வருவது உங்களுக்குத் தெரியும். ஒழுங்குபடுத்தி எழுபத்தைந்தாக அடித்து வையுங்கள். வெறும் தாளில் இப்போதே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்று சொல்லி, போட்டுவிட்டுப் போனார்.

அன்று பகல் இரண்டு தாள் என் முன்னால் இருந்தன. முதலில் அம்மாவின் பெட்டிசத்தை அடித்தேன், மனேஜர் தொரைக்கு. பிறகு மை லார்டின் தாளைச் சுருட்டி மிஷினில் ஏற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் குறும்பு செய்யவில்லை. இருக்கிற இடத்தை விட்டு எழுப்பாதீர்கள் என்று மேலே உள்ளவர்களிடம் கேட்க எனக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். பிரபுக்களும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன். இங்கிலீஷில் அடித்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"மேன்மை தங்கிய பிரபுக்களுக்கு மிகத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம். என் தகப்பனாரும் அவருடைய தகப்பனாரும் இதே இடத்தில் இருந்தார்கள். அவர்கள் பேரில் எந்த முறைப்பாடும் இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது. இந்த வயதில் எழுப்பிவிட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. என்னை நம்பி மனைவியும் இரண்டு நாய்களும் இருக்கிறார்கள். ஆகவே என் பேரை வெட்டாமல், நான் கண் மூடும்வரை அந்த இடத்திலேயே இருக்கத் தயவுகூர்ந்து இடம் தருமாறு வேண்டிக்கொள்கிறேன்."

எண்ணினேன். சரியாக எழுபத்தைந்து. பெருமையாக இருந்தது. பஸ் ஏறி டவுனுக்குப் போய், கொமியுனிகேஷன் கடையில் லண்டனுக்கு ஃபேக்ஸ் அடித்துவிட்டு, ஒரு ரோல்ஸ் வாங்கித் தின்றுகொண்டே வந்தேன்.

பத்து நாள் கழித்து லண்டனிலிருந்து போன். மறுமுனையில் யாரோ சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. லாட் தொரை ரிசீவரை வைத்துவிட்டு ஃபைல் பிரதியைக் கேட்டார். வாசித்தார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது.

"மிஸ் பாக்கியம், இரண்டு நாய்களா?"

"ஆமாம், மை லார்ட். சரிதானே?"

"நாய்கள் சரி" என்று சொல்லி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். திருப்பி வாங்கவும் வழியில்லை, அச்சாகி எல்லோர் கையிலும் போய்விட்டது.

ஆனால் ஜெயித்துவிட்டார்! மற்றவர்கள் எல்லாம் அனுபவம், சேவை, நிபுணத்துவம் என்று எழுதியிருந்தார்களாம். உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரே மனிதர் ஆல்டர்மியர்தான் என்று கிழவர்கள் விழுந்து விழுந்து சிரித்து ஓட்டைப் போட்டிருக்கிறார்கள். பங்களாவில் போத்தல் திறந்தார்கள்.

அதே வாரம் அம்மாவின் பெட்டிசத்துக்கும் பதில் வந்தது. ஒரு வரி. வருந்துகிறோம், ஒழுங்கு விதியை மாற்ற முடியாது.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஒரே பகல், ஒரே மிஷின், ஒரே விண்ணப்பம். மனைவிக்கும் நாய்களுக்கும் பதிலாக அம்மாவுடையதில் ஒரு மகள் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பிரதியையும் எடுத்துக்கொண்டு லாட் தொரையிடம் போனேன். அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக வாசித்தார். "சுவாரசியம்" என்றார். மனேஜர் காரியத்தில் தலையிடுவது முறையல்ல என்றார். என் வேலையைப் பற்றி நினைத்துக்கொண்டு நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அப்படி மூடிக்கொண்டதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கம்.

அம்மா மூடவில்லை. அடுத்த நாள் காலை, லயத்து ஆட்கள் போகிற பின்பக்கக் குசினி வழியாக வராமல், முன்படிக்கட்டு வழியாக நேரே விறாந்தைக்கு ஏறிவிட்டாள். லாட் தொரை பப்பாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கும்புடுறேனுங்க தொரை" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இருவத்தெட்டு வருசம் பால் வெட்டுனேன். கை நடுங்குதுன்னு பேர வெட்டுனாங்க, சரி. காம்பராவ ஏன் புடுங்குறாங்கன்னு கேளு" என்றாள்.

சொன்னேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, மரியாதையாகவே பதில் சொன்னார். அறை என்பது வேலை செய்கிறவர்களுக்கு. வேலை செய்யாதவர்கள் தகப்பன் இருந்தார், பாட்டன் இருந்தார் என்று பரம்பரையாக ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது நியாயமில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

அம்மா கேட்டுவிட்டுத் தலையாட்டினாள். "சரிதான். அந்தச் செவப்பு வாங்குல தொரை என்ன வேல செய்யிறாருன்னு கேளு."

வாங்கு போகப்போகிறது என்று ஒரு மாதமாக நான் வீட்டில் புலம்பியதன் விளைவு அது. மென்மையாக்கிச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் டைப்பிஸ்ட். சொன்னதைச் சொன்னபடி அடிக்கிறவள். அப்படியே இங்கிலீஷில் போட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். "சொல்லுக்குச் சொல் அப்படியா?"

"சொல்லுக்குச் சொல், மை லார்ட்."

பப்பாசியில் ஈ உட்கார்ந்தது. அவர் ஓட்டவில்லை. கடைசியில், "உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார்.

"நானும் அதத்தானே கேக்குறேன்" என்றாள் அம்மா. "சும்மா உக்காந்துக்கிறேன்."

அவர் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு என்னை மிஷினில் உட்காரச் சொன்னார். நடக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே ஒரே வாக்கியம் சொன்னார்: செல்லாயி என்பவர் தம் ஆயுள் உள்ளவரை அந்த அறையில் இருக்கலாம், தோட்டம் யார் கைக்கு மாறினாலும் இது செல்லும்.

"அவருக்குப் பிறகு குடும்பத்துக்கு, மை லார்ட்?" என்று கேட்டேன்.

"ஆயுள்வரை மட்டும். அதற்குமேல் போனால் பரம்பரை ஆகிவிடுமே" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் அவர்.

அதற்குப் பிறகு அவர் அந்த வாங்கில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தார். சாப்பாட்டுக் குழுவுக்குத் தலைவரானார். சூப்பைப் பற்றி நான் இருபது பக்கம் அடித்திருக்கிறேன். தொண்ணூற்றிரண்டில் ஒருவர் இறந்தால் இடைத்தேர்தல் வரும். ஓட்டுப் போடுகிறவர்களைவிட நிற்கிறவர்கள் அதிகமாக இருந்த தேர்தலும் நடந்ததாம். எங்கள் கோயில் கமிட்டித் தேர்தலே எவ்வளவோ மேல், அங்கே நாற்காலியாவது பறக்கும். அந்த எழுபத்தைந்து சொல்லால் அவருக்குப் பேர் கிடைத்தது. ஒரு பேட்டியில், "என் விறாந்தையில் பத்து நிமிஷத்தில் எழுதினேன்" என்று சொல்லியிருந்தார். அந்தப் பத்திரிகை வெட்டை ஃபைலில் ஒட்டச் சொல்லி என்னிடமே கொடுத்தார். ஒட்டினேன். கோணலாக ஒட்டினேன்.

அவர் வரவு நின்றது, பங்களா ஹோட்டலானது. லாட் தொரை எழுதித் தந்த அந்தத் துண்டு, பங்களாவை விற்ற உறுதிப் பத்திரத்திலும் ஏறிவிட்டதால் லயத்தில் மற்றக் காம்பராக்களை இடித்தும் எங்களுடையதை இடிக்க முடியவில்லை. அங்கே நீச்சல் தடாகம் வரப்போகிறதாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஹோட்டல் மனேஜர் பழக்கூடையோடு வந்து, அம்மாவின் பிரஷர் எப்படி, சளி எப்படி என்று என்னைவிட அக்கறையாக விசாரிப்பார். எண்பத்தேழு வயதில் அம்மா அவருக்காகவே நன்றாக இருக்கிறாள். அவளுக்குப் பிறகு எனக்குத்தான் போக்கிடம் இல்லை. அதை நான் அவளிடம் சொல்வதில்லை, அவளும் கேட்பதில்லை.

ரிசானா காட்டிய செய்தியோடு அன்று வீட்டுக்குப் போனேன். அம்மா வெயிலில் மிளகு பரப்பிக்கொண்டிருந்தாள்.

"லாட் தொரையோட பேர வெட்டிட்டாங்களாம்மா."

கை நின்றது. "அப்போ அவரு குடுத்த துண்டு?"

"அது செல்லும். ஒனக்கு ஒண்ணுமில்ல."

மூச்சு விட்டாள். "ஐயோ பாவம். இந்த வயசுல. தங்க எடம் இருக்கா அவருக்கு?"

"நாப்பது காம்பரா வீடு இருக்கும்மா."

மிளகை விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாப்பதா? பொறகு போக்கிடமில்லன்னு அவரு பெட்டிசம் போட்டாருன்னு அன்னைக்கி பங்களாவே சிரிச்சுச்சே. நீ தானே டைப் அடிச்ச? அம்புட்டுப் பொய்யா எழுதுவ?"

இருபத்தேழு வருஷமாக அவளிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் லயமெல்லாம் பரவும், என் வேலை போகும் என்ற பயம். இப்போது யாருக்குப் பயப்பட வேண்டும்?

"பொய் இல்லம்மா. அது ஒம் பெட்டிசம். மனேஜருக்கு எழுதுனத அப்பிடியே பேர மட்டும் மாத்தி லண்டனுக்கு அடிச்சிட்டேன். அதுக்குத்தான் அவங்க ஓட்டுப் போட்டாங்க."

அம்மா மிளகை ஒரு தடவை கையால் அளைந்தாள். பிறகு பல்லில்லாத வாயால், உடம்பு குலுங்க அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அப்போ இம்புட்டு வருசமா அந்த வாங்குல நாந்தான் உக்காந்திருக்கேன்னு சொல்லு."